அண்ணாமலையில் ஒரு தைத்திருநாள்

விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப் பாதையில் வருவோர்க்குத் திருவண்ணாமலை நகரம் தென்படுமுன்னரே மலை தென்பட்டுவிடும். ஏறத்தாழ 2,668 அடி உயரமுள்ள அம்மலை சுற்றிலுமுள்ள சமவெளியிலிருந்து தனித்து எழுந்து நிற்கிறது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் பணிமாற்றம் பெற்று, ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக நான் அங்கு வந்து இறங்கியபோது, மலையின் உயரத்தைவிட அதன் தனிமையே என் கண்ணில் முதலில் பட்டது.

நான் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவன்; கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன்; அப்போது திருமணம் ஆகாதவன். அவ்வூரில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பேச்சும் சற்றே வேறாக இருந்தது. மளிகைக் கடையில் நிலக்கடலை கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மல்லாட்டையா?” என்றார். ஏரிப் பாசனமும் மானாவாரியும் கலந்த அம்மண்ணில் விளையும் மல்லாட்டையைத்தான் நாங்கள் கடலை என்கிறோம் என்பதை அன்று கற்றேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒருவன் அயலான் ஆகலாம் என்பதையும் கற்றேன்.

இத்தனைக்கும் திருவண்ணாமலை அயலாரைக் கண்டு மிரளும் ஊர் அன்று. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்த 217 அடி உயர இராசகோபுரத்தைக் காண வருவோர் எத்தனையோ பேர். பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருவோரோ கணக்கில் அடங்கார். ஆனால், கூட்டம் என்பது வேறு; கூட்டுறவு என்பது வேறு. பௌர்ணமிக் கூட்டத்தின் நடுவே நின்றபோதுதான் நான் மிகவும் தனியனாக உணர்ந்தேன்.

மார்கழி கழிந்து தை நெருங்கியது. கடைவீதியில் கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளும் வந்து குவிந்தன. நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான அம்மையார், “பொங்கலுக்கு ஊருக்குப் போகலையா, தம்பி?” என்று கேட்டார். “விடுப்பு இல்லை, அம்மா” என்றேன். நான் செய்வது மருத்துவமனைப் பணி. திருநாள் என்று நோய் விடுப்பு எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே, நான் சொன்னது பொய்யன்று. ஆனால், முழு உண்மையும் அன்று. எங்கள் அன்னை இறைவனடி சேர்ந்தபின், வீட்டைப் பங்கிடுவது குறித்து எனக்கும் என் அண்ணனுக்கும் வாக்குவாதம் முற்றி, பதினான்கு மாதங்களாகப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. எனக்கு ஊர் இருந்தது. போவதற்கு வீடுதான் இல்லை.

அந்நாள்களில் இரமண மகரிஷியின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். மதுரையில் பள்ளி மாணவராக இருந்த வேங்கடராமன், தம் அண்ணன் கடிந்துரைத்த ஒரு சொல்லை அடுத்து, 1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினாறு. விழுப்புரம் வரை வந்தபின் கைப்பணம் கரைந்துபோகவே, மாம்பழப்பட்டிலிருந்து நடந்தே திருக்கோவிலூரை அடுத்த கீழூரை அடைந்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. ஊரெல்லாம் பண்டிகை, அவருக்கோ பசி. முத்துக்கிருஷ்ண பாகவதர் என்பவரின் இல்லத்தில் அவருக்கு உணவளித்தனர். தம் காதுக் கடுக்கன்களை அடகு வைத்து அவர் நான்கு ரூபாய் பெற்றுக்கொண்டு புறப்படுகையில், அவ்வீட்டுப் பெண்மணி பூசைக்கெனச் செய்திருந்த பலகாரங்களைப் படைப்பதற்கு முன்னரே ஒரு பொட்டலமாகக் கட்டி அவர் கையில் கொடுத்தார். மறுநாள், செப்டம்பர் முதல் நாளன்று, அவர் திருவண்ணாமலையை அடைந்தார். ஆன்மிக வரலாற்றில் இது சிறு நிகழ்ச்சியே. ஆயினும், என் மனம் அந்தப் பொட்டலத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

அதே மலையைத் தேடி நம் திருச்சபையைச் சேர்ந்த துறவி ஒருவரும் வந்தார். பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் 1910-இல் பிறந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஆன்றி லெ சோ, 1948-இல் இந்தியா வந்தார். 1949 சனவரியில் அருட்தந்தை மொன்ஷானெனுடன் இரமணரைக் கண்டார். அடுத்த ஆண்டு, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் இருவரும் சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவினர். பின்னாளில் அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்ட அவர், 1950-களில் அண்ணாமலைக் குகைகளில் பலமுறை மௌனமாகத் தங்கினார். 1973-இல் இந்தூரில் மறையும்வரை, பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவே இல்லை. உற்றாரை விட்டு வந்து அண்ணாமலையில் திருநாள்களைக் கழித்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால், அவர்கள் இறைவனைத் தேடி வீட்டைத் துறந்தவர்கள்; நான் வீட்டின் சுவர்க் கணக்குக்காக வீட்டை இழந்தவன். இவ்வேறுபாட்டை எந்தத் தேறுதலும் மறைக்கவில்லை.

தை முதல் நாள், 2019 சனவரி 15. விடியற்காலையில் பங்கு ஆலயத்துக்குச் சென்றேன். ஆலய முற்றத்தில் அன்பியங்களைச் சேர்ந்த தாய்மார்கள் கல் கூட்டி அடுப்பு மூட்டிப் புதுப்பானை ஏற்றியிருந்தனர். பால் பொங்கி வழிந்தபோது எழுந்த ஆரவாரத்தில் சிறுவர்களின் குரலே ஓங்கியிருந்தது. கரும்பும் காய்கனிகளும் புத்தரிசியும் காணிக்கைப் பவனியில் பீடத்துக்குக் கொண்டுவரப்பட்டன.

மறையுரையில் பங்குத்தந்தை இரண்டு கருத்துகளைச் சொன்னார். நற்கருணையைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லுக்கு ‘நன்றி செலுத்துதல்’ என்பதே பொருள். எனவே, திருப்பலி ஒவ்வொன்றும் ஓர் அறுவடைத் திருநாளே என்பது முதலாவது. இணைச்சட்ட நூலின் இருபத்தாறாம் அதிகாரம், முதற்கனியைக் கூடையில் ஏந்தி வரும் இஸ்ரயேலனுக்கு, ‘உன் மூதாதை நாடோடியாய் அலைந்தவர்’ என்பதை முதலில் நினைவூட்டி, பின்னர், நடுவில் வாழும் அந்நியனோடு சேர்ந்தே மகிழவேண்டும் என்று பணிக்கிறது என்பது இரண்டாவது. அந்நியன் இல்லாத விருந்து, அம்முறைப்படி, குறைபட்ட விருந்து.

அமெரிக்க நாட்டில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழனன்று கொண்டாடப்படும் நன்றியறிதல் நாளும் இக்கருத்தையே உணர்த்துகிறது. 1620-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிச் சென்று பிளிமத்தில் குடியேறியோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே மாண்டனர். எஞ்சியோர்க்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்றுத்தந்தவர்கள் அம்மண்ணின் மைந்தர்களே. 1621-இன் அறுவடை விருந்தில் வந்தேறியவர்களும் வாம்பனோவாக் மக்களும் ஒன்றாக உண்டனர். பிற்காலத்தில் அம்மக்களே தம் நிலத்தை இழந்தனர் என்பது அவ்விருந்தின் மீது படிந்த நிழல். நன்றி மறந்தால் நேர்வது என்ன என்பதற்கு அதுவே சான்று.

திருப்பலி முடிந்து, இலைத் தொன்னையில் பொங்கல் வாங்கி உண்டுவிட்டு அறைக்குத் திரும்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு உறங்கிவிடுவது என் திட்டம். இரவுப் பணி இருக்கிறதென்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நண்பகலில் கதவு தட்டப்பட்டது.

“தம்பி, எங்க வீட்டிலதான் இன்னைக்குச் சாப்பாடு. இலை போட்டாச்சு.”

மறுக்க வாயெடுத்தேன். அம்மையார் அதற்கு இடங்கொடாமல், குரலைச் சற்றுத் தாழ்த்தி, “சூரியனுக்குப் படைக்கிறதுக்கு முன்னாலேயே உங்களுக்குன்னு ஒரு கிண்ணத்தில தனியா எடுத்து வெச்சிருக்கேன். படைச்சதை நீங்க சாப்பிடுவீங்களோ, மாட்டீங்களோன்னுதான்” என்றார்.

வாசகர்களே, நான் எதுவும் பேசவில்லை, பேசவும் முடியவில்லை. கீழூரில் ஒரு பெண்மணி கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பற்றி நான் புத்தகத்தில் படித்துக்கொண்டிருக்க, அதே பொட்டலம் கிண்ணமாகி என் வாசலுக்கே வந்து நின்றது. என் சமயத்தின் மனச்சான்றுக்குக் குறை நேராதிருக்கத் தம் வழிபாட்டின் வரிசையையே மாற்றிக்கொண்டவர், எழுதப் படிக்க அதிகம் அறியாத ஒரு மூதாட்டி.

கூடத்தில் நான்கு இலைகள் போடப்பட்டிருந்தன. வெண்பொங்கல், மொச்சையும் பரங்கியும் சேர்ந்த குழம்பு, வள்ளிக்கிழங்கு, சர்க்கரைப் பொங்கல். உண்டுகொண்டிருக்கையில் பெரியவர் மெல்லச் சொன்னார்: “நீங்க உட்கார்ந்திருக்கிற இடம் எங்க பையனோடது. வெளிநாட்டில வேலை. நாலு வருசமா பொங்கலுக்கு வர முடியலை. அந்த இடத்தில இலை போடாம இவளுக்கு மனசு ஆறாது.” அம்மையார் ஒன்றும் சொல்லாமல் என் இலையில் இன்னும் ஒரு கரண்டி பொங்கல் இட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அழைக்கப்படுபவன் மட்டுமே தனியன் அல்லன். அழைப்பவரும் தனியராக இருக்கக்கூடும். தனிமையில் இருப்பவன் அழைப்பை மறுப்பதைத் தன்மானம் என்று எண்ணிக்கொள்கிறான். உண்மையில் அவன் மற்றொருவரின் காலி இடத்தை மேலும் காலியாக்குகிறான். பெற்றுக்கொள்வதும் ஒரு கொடை.

மறுநாள் மாட்டுப் பொங்கல். கோயிலின் பெரிய நந்திக்குக் காய்கனிகளாலும் பலகாரங்களாலும் மாலை சாத்தும் நாள் அது. திருவண்ணாமலைக்கே உரிய திருவூடல் விழாவும் அன்றே. தம்மை மட்டுமே வணங்கி அம்மனை வணங்காத பிருங்கி முனிவருக்குச் சுவாமி காட்சி கொடுப்பதை அம்மன் பொறாமல் ஊடுவதாகக் கதை. இதற்கெனவே திருவூடல் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே ஊடல் நடந்தபின் அம்மன் கோயிலுக்குத் திரும்ப, சுவாமி அன்றிரவு வெளியே தங்குகிறார். மறுநாள் மலையை வலம் வந்து கோயிலை அடைகிறார். அங்கே மறுவூடல் நடந்து பிணக்குத் தீர்கிறது.

வீட்டாருடன் நானும் சென்று தெருவோரத்தில் நின்றேன். இக்கதையின் சமயப் பொருளை உரைக்க நான் தகுதியுடையவன் அல்லன். ஆனால், ஓர் ஊரே திரண்டு நின்று ஒரு குடும்பப் பிணக்கைப் பார்ப்பதும், அது மறுநாள் தீர்ந்துவிடும் என்று உறுதியாக நம்பி வீடு திரும்புவதும் என்னை உலுக்கின. அவ்வூரின் ஊடலுக்கு ஆயுள் ஓர் இரவு. என் பிணக்குக்கோ பதினான்கு மாதங்கள்.

காணிக்கை செலுத்த வருகையில் உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தார். முந்திய நாள் காணிக்கைப் பவனியில் புத்தரிசி ஏந்திச் சென்றவர்களுள் நானும் ஒருவன். அப்போது நினைவுக்கு வராத கற்பனை, திருவூடல் தெருவில் நினைவுக்கு வந்தது.

அன்றிரவு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். நீண்ட நேரம் மணி ஒலித்தது. எடுத்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பொங்கலுக்குச் சாப்பிட்டியாலே?” என்றார். அம்மா இருந்தால் எதைக் கேட்டிருப்பாரோ அதையே கேட்டார். வீட்டு விவகாரம் அன்றே தீர்ந்துவிடவில்லை. அதற்கு மேலும் பல மாதங்கள் ஆயின. ஆனால், பேச்சு பிறந்துவிட்டது. அடுத்த தைக்கு ஊருக்குச் சென்றபோது அண்ணன் பிள்ளைகளுக்கு ஒரு பை நிறைய நிலக்கடலை கொண்டுபோனேன். “இதுக்குப் பேர் மல்லாட்டை” என்று சொல்லிக்கொடுத்தேன்.

நம் பங்குகளிலும் இத்தகையோர் உண்டு. பணிமாற்றம் பெற்று வந்த ஆசிரியர், விடுதியில் தங்கிப் பயிலும் செவிலி, வடமாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் தொழிலாளி என ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வரிசையில் நின்று, திருப்பலி முடிந்ததும் யாருடனும் பேசாமல் செல்வோர் அவர்கள். அவர்களுக்குப் பெரிய விருந்து வேண்டுவதில்லை. திருநாளன்று நம் வீட்டில் இன்னும் ஓர் இலை போடுவோம். நாமே சென்று கதவைத் தட்டுவோம். கதவுக்கு உள்ளே இருப்பவர்க்கு ஒரு சொல்: தட்டுகிற ஓசை கேட்டால் உறங்குவதுபோல் இருந்துவிடாதீர்கள். ஒருவேளை உங்களுக்காக ஒரு கிண்ணம் முன்னரே எடுத்துவைக்கப்பட்டிருக்கும்.