விரலில் மட்டும் அடிக்காதீங்க

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து, இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். ராக் இசை வரலாற்றில் ஜூலை மாதத்தின் முக்கிய நாட்களாம். அதில் பெரிய எழுத்தில் இருந்தது ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடந்த ‘லைவ் எய்ட்’ கச்சேரிக்கு 2025-ல் 40 வயது ஆனது. கீழே, “நம்ம புதுக்கோட்டைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார், சும்மா தெரிஞ்சுக்கங்க” என்று ஒரு சிரிப்புப் பொம்மை.

சம்பந்தம் இருக்கிறது தம்பி. உன் பட்டியலில் ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது. ஜூலை 5.

1975 ஜூலை 5-ம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் ஒரு கச்சேரி நடந்தது. கிடார் வாசித்தவர் ஜான் மெக்லாக்லின் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்று குழு அமைத்து, ஜாஸும் ராக்கும் கலந்து, மின்சாரக் கிடாரில் அரங்கம் அதிர வாசித்தவர். அவர் வீணை வித்வான் எஸ். ராமநாதனிடம் பாடம் கேட்டார். பிறகு மின்சாரக் கிடாரை ஒதுக்கிவிட்டு, மரக் கிடாரோடு நம் வித்வான்கள் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் ‘விக்கு’ விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாடு ராகவன். குழுவின் பெயர் ‘சக்தி’. அன்று பதிவான கச்சேரிதான் அடுத்த ஆண்டு அவர்களுடைய முதல் இசைத்தட்டாக வந்தது. 2025 ஜூலை 5-ம் தேதியோடு அதற்கு 50 ஆண்டு நிறைந்துவிட்டது.

“ராமநாதபுரம் சரி, புதுக்கோட்டை எங்கே சார்?” என்று கேட்பீர்கள். வருகிறேன்.

1978-ல் கலைந்த அந்தக் குழு, 1997-ல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று மீண்டும் கூடியது. சில ஆண்டுகளில் விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் வந்தார். அவர் கையில் இருந்தது கஞ்சிரா. 2023-ல் வந்த இவர்களுடைய ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அந்தக் கஞ்சிரா இருக்கிறதே, அதைக் கச்சேரி மேடையில் ஏற்றியது நம் ஊர்.

பலாமரத்தில் கடைந்த ஒரு வளையம். ஒரு பக்கம் மட்டும் தோல். ஓரத்தில் ஒரு துளை, அதில் நாணயம் போலச் சிறு தகடுகள். விரித்த கையின் அளவு, அவ்வளவுதான். பஜனையில் ஜால்ராவோடு சேர்ந்து ஒலித்துக்கொண்டிருந்த இந்தச் சின்ன வாத்தியத்தில் மிருதங்கத்துக்கு ஈடாகச் சொல்கட்டுகளை வாசித்துக் காட்டியவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. லய வித்வான்கள் இன்றும் ‘புதுக்கோட்டை பாணி’ என்று சொல்வது இவர்கள் வழியைத்தான். முன்பெல்லாம் உடும்புத் தோல் போடுவார்கள். உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் இப்போது அது கூடாது, ஆட்டுத்தோல் போடுகிறார்கள்.

இதெல்லாம் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தந்தது இல்லை. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியும் தெரியாது. 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தபோது பேரன் கைப்பேசியில் சக்தி கச்சேரியைப் போட்டுக் காட்டினான். செல்வகணேஷின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஒரு பையனின் விரல்கள் ஞாபகம் வந்துவிட்டன. இந்தப் பதிவு எழுதுவதே அதற்காகத்தான்.

1988 என்று நினைக்கிறேன். பட்டியல் அனுப்பிய தம்பி உட்கார்ந்த அதே பெஞ்சில் ஓரமாக ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், உங்களில் சிலருக்குத் தெரியும். கை சும்மா இருக்காது. பெஞ்சில் தட்டிக்கொண்டே இருப்பான். ஒருநாள் கரும்பலகையில் மீச்சிறு பொது மடங்கு நடத்திக்கொண்டிருந்தேன். பின்னால் டக டக என்று சத்தம். இரண்டு முறை சொன்னேன், நிற்கவில்லை. மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய், கையை நீட்டச் சொல்லி விரல்மேல் நாலு போடு போட்டேன். நகக்கண்ணில் ரத்தம் கட்டிவிட்டது.

அன்று சாயங்காலம் அவனுடைய தாத்தா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தோளில் ஒரு துணிப்பை. மார்கழி பஜனையில் கஞ்சிரா வாசிப்பவர். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வாத்தியாரய்யா, அடிக்க வேணாம்னு சொல்லல. முதுகுல அடிங்க, முட்டி போட வைங்க. விரல்ல மட்டும் அடிக்காதீங்க. எனக்கப்புறம் இதை வாசிக்க அவன் ஒருத்தன்தான் இருக்கான்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பஜனையா பெரியவரே சோறு போடும்? கணக்கு போடச் சொல்லுங்க.” அப்போது எனக்கு வயது 27. அவர் ஒன்றும் பேசாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கணக்கு என்றேன் அல்லவா, இப்போது தெரிந்துகொண்ட கணக்கைச் சொல்கிறேன். ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை. ஒன்றுக்கு 4 மாத்திரை வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. இதன்மேல் ‘தகதகிட’ என்று ஐந்து ஐந்தாக வாசித்தால் 32-ல் முடியாது, நழுவிக்கொண்டே போகும். ஐந்து ஆவர்த்தனம் சுற்றி, 160-வது மாத்திரையில்தான் இரண்டும் ஒன்றாக முடியும். 5-க்கும் 32-க்கும் மீச்சிறு பொது மடங்கு 160. மெக்லாக்லின் நம் கொன்னக்கோலை விரும்பிக் கற்று, அதைச் சொல்லித்தர செல்வகணேஷோடு சேர்ந்து ஒரு டிவிடியே போட்டார். ஒரு ராக் கிடார்காரர் தேடி வந்த கணக்கு என் வகுப்பின் கடைசி பெஞ்சில் இருந்திருக்கலாம். அன்று அவன் தட்டியது என்ன தாளம் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. அதுதான் என் தவறு.

விட்டிருந்தால் அவன் கிராமி வாங்கியிருப்பான் என்று சொல்லவரவில்லை. மார்கழியில் நம் ஊர்த் தெருவில் கஞ்சிரா நின்றுபோயிருக்காது, அவ்வளவுதான். தாத்தா காலமான பிறகு பஜனைக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பையன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்வி. இப்போது அவனுக்கே ஐம்பது வயது இருக்கும்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் பிள்ளை தட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள், தப்பில்லை. மணி அடித்த பிறகு அருகில் கூப்பிட்டு, “என்னடா தட்டினே, இன்னொரு தரம் தட்டு” என்று கேளுங்கள்.

பெங்களூர்த் தம்பிக்கு ஒரு வேலை. அவனுடைய நம்பர் உன்னிடமோ உன் செட்டில் வேறு யாரிடமோ இருந்தால் எனக்கு அனுப்பு. கமெண்டில் போடாதே, தனியாக அனுப்பு. நான் அவனோடு பேச வேண்டும். தாத்தாவின் கஞ்சிரா இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒரு மன்னிப்பு.