கொள்ளிடக் கரையில் ஒரு பழைய எஞ்சின்

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்வோர் பெரும்பாலும் கோபுரத்தைக் கண்டு திரும்பிவிடுவர். மதில்களைத் தாண்டி வடக்கே கொள்ளிடக் கரைவரை நடப்போர் சிலரே. சென்ற கோடையில் நாம் அவ்வழியே நடந்தபோது, வாழைத் தோட்டமொன்றின் நடுவிலிருந்து ‘டுப் டுப்’ என்று அவசரமில்லாத ஓசை கேட்டது.

கீற்றுக் கொட்டகையில் பழைய ஆயில் எஞ்சின் ஒன்று நீர் இறைத்துக்கொண்டிருந்தது. ஒரே சிலிண்டர், இருபுறமும் கனத்த இரும்புச் சக்கரங்கள். அருகே ஒரு பெரியவரும் அவர் மகனும் நின்றிருந்தனர்.

“மின்மாற்றி எரிந்து மூன்று நாளாச்சுங்க ஐயா. வாழை குலை தள்ளுகிற நேரம். இது இல்லாவிட்டால் ஒரு வருட உழைப்பும் போயிருக்கும்” என்றார் பெரியவர். மகனோ தலைகுனிந்து, “போன மாதந்தான் இதைப் பழைய இரும்புக்கு விலை பேசினேன்” என்றார்.

இவ்வகை எஞ்சின் 1930 அளவில் இங்கிலாந்தில் டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் நிறுவனத்தில் பிறந்தது. பின்னர் குஜராத்தின் ராஜ்கோட்டுப் பட்டறைகளும் அதே அமைப்பில் செய்யலாயின. தமிழகத்தில் 1990-இல் உழவர் அனைவர்க்கும் இலவச மின்சாரம் வந்தபின், இவை பல தோட்டங்களில் துருப்பிடித்து ஒதுங்கின.

இதன் சிறப்பு நிதானமே. நிமிடத்திற்கு 650 சுற்று. புதிய சிறு எஞ்சின்கள் 1,500 சுற்றும் அதற்கு மேலும் ஓடும். பத்து மணி நேரத்தில் இது 3,90,000 முறை சுற்ற, அதுவோ 9,00,000 முறை சுற்றுகிறது. சுற்றுக் குறைந்தால் தேய்மானமும் குறையும். இரு சுற்றுக்கு ஒருமுறைதான் உள்ளே எண்ணெய் எரிந்து உந்துகிறது. மற்ற நேரமெல்லாம் அந்தக் கனத்த சக்கரமே சுமையை இழுத்துச் செல்கிறது.

நீரில் செல்லும் கலங்களுக்கும் இந்நிதானம் ஏற்றது. 1912-இல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற கப்பல் டீசல் எஞ்சின்களின் பலத்தால் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்றது. இன்றும் பெருஞ்சரக்குக் கப்பல்களின் முதன்மை எஞ்சின் நிமிடத்திற்கு ஏறக்குறைய நூறு சுற்றே சுற்றுகிறது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றால்தான் எண்ணெய் வீணாகாமல் கப்பலைத் தள்ளும். இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளிலோ, இத்தகைய பழைய எஞ்சின்களைத் தேடிப் பொருத்தி மகிழ்வோர் இன்றும் உளர்.

பொழுது சாயும் வேளையில் பெரியவர் எஞ்சினை நிறுத்தினார். பிறகு கைப்பிடியை மகனிடம் நீட்டினார்.

“கட்டை விரலை வளைத்துப் பிடிக்காதே. திருப்பி அடித்தால் எலும்பு முறியும். நெம்புகோலைத் தூக்கிவிட்டுச் சுற்று. வேகம் வந்ததும் இறக்கிவிடு.”

முதல் முறை எஞ்சின் இருமிவிட்டு நின்றது. இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை புகையைக் கக்கி ஓடத் தொடங்கியது. மகனின் நெற்றியில் வியர்வை. முகத்தில் சிறுவனின் மகிழ்ச்சி.

“இரும்புக்காரர் வந்தால் என்ன சொல்வீர்கள்?” என்று வினவினோம்.

“அப்பாவிடம் கேட்கச் சொல்வேன்” என்றார் அவர். பெரியவர் சிரித்தபடி மடைமாற்றச் சென்றார்.

நம் இல்லங்களிலும், இனிப் பயனில்லை என்று மூலையில் ஒதுக்கப்பட்டவை சில உண்டு. அவற்றை எடைக்குப் போடுமுன், இயக்கத் தெரிந்த மூத்தோரிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக.