நாணற் பேனாவும் நாம் பயின்ற எழுத்தும்

மதரஸாவில் நாம் ஓதிய ஏழாண்டுகளில் இலக்கணமும் சட்டமும் தர்க்கமும் பாடப்பட்டியலில் இருந்தன. பட்டியலில் இடம்பெறாத பாடம் ஒன்றும் இருந்தது. அதுவே ‘கத்து’ எனப்படும் எழுத்துக்கலை. 1980களின் நடுப்பகுதி. அஸருக்குப் பின் ஏனைய மாணவர் பந்தாடச் சென்றுவிட, முதிய ஹஜ்ரத் ஒருவர் எம்முள் நால்வரை மட்டும் திண்ணையில் அமர்த்திக் கற்பித்தார். பரீட்சையும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

முதல் மாதம் ஓரெழுத்தும் எழுதினோமில்லை. நாணலைச் சீவுவதிலேயே நாட்கள் கழிந்தன. நாணல் நன்கு முற்றியிருத்தல் வேண்டும். பச்சையாயின் நுனி விரைவில் தளர்ந்துவிடும். சாய்வாகச் சீவி, நடுவே மெல்லிய பிளவு கீறி, கட்டையின் மீது வைத்து ஒரே வெட்டில் நுனியைத் துண்டிக்க வேண்டும். அந்த இறுதி வெட்டு சற்றே சரிந்திருப்பதில்தான் எழுத்தின் உயிர் இருக்கிறது. கொழுத்த கோடும் மெலிந்த கோடும் ஒரே பேனாவிலிருந்து பிறப்பது அச்சரிவினாலன்றோ? பக்தாதில் 1298இல் மறைந்த யாகூத் அல்முஸ்தஃஸிமி இதனைச் செம்மைப்படுத்தினார் என்பது எழுத்துக்கலைஞர் வழக்கு.

மையையும் நாமே காய்ச்சினோம். எண்ணெய் விளக்கின் மேல் மண்சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரியைக் கருவேலம்பிசின் கரைத்த நீரில் மணிக்கணக்காக அரைத்தல் வேண்டும். மைக்கூட்டினுள் ஒரு பிடி பட்டுநூலை இட்டுவைப்பார் ஹஜ்ரத். பேனா அடியில் முட்டி நுனி மழுங்காது. நூல் கொடுத்த அளவு மையே அதில் ஏறும். கடைமையை அவர் தொடமாட்டார். அதைப் பிடிவாதம் என்றே அந்நாளில் எண்ணினோம்.

பின்னர் புள்ளி. பேனா நுனியைச் சாய்த்துப் பதித்தால் விழும் சாய்சதுரப் புள்ளியே எல்லா எழுத்துக்கும் அளவுகோல். சுலுஸ் எழுத்தில் அலிஃபின் உயரம் ஏழு புள்ளி என்பது பலர் கொள்ளும் கணக்கு. இந்த அளவு முறையை வகுத்த பெருமையை 940இல் மறைந்த அப்பாஸிய அமைச்சர் இப்னு முக்லாவுக்கு அளிப்பர். எழுத்துக்கு இலக்கணம் தந்த அம்மனிதரின் வலக்கையை அரசியற்பகை வெட்டிற்று என்று ஹஜ்ரத் சொன்ன அன்று எம்மில் எவரும் பேனாவைத் தொடவில்லை.

நஸ்கில் கை ஓரளவு படிந்தபின் நஸ்தஃலீக்கின் மீது ஆசை பிறந்தது. அதில் சொற்கள் கோட்டின் மீது நில்லாமல், வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்கும். ஒரு முறை சென்னை சென்றபோது, 1927இல் திருவல்லிக்கேணியில் தொடங்கப்பெற்ற ‘முஸல்மான்’ உருது நாளேட்டின் காத்திபுகள் எழுதுவதைக் கண்டோம். பக்கம் முழுவதும் கையெழுத்து. அதைப் படம்பிடித்துத் தகட்டில் ஏற்றி அச்சிடுவர். கடைசி நேரச் செய்திக்கென முதற்பக்கத்தில் ஒரு மூலையை ஒழித்து வைப்பதும் உண்டு. பல்லாயிரம் இணைப்பெழுத்துகளைக் கொண்ட நூரி நஸ்தஃலீக் கணினி எழுத்து லாகூர் நாளேட்டில் 1981இலேயே புகுந்துவிட்டது என்னும் செய்தி பின்னாளில்தான் எமக்குத் தெரியும். நஸ்தஃலீக் எம் கைக்கு வசப்படவில்லை. அது குறித்துப் பெரிய வருத்தமும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் ஒரு பயன் வேண்டிய வேளை இறுதியாண்டு ரமலான் விடுமுறையில் வந்தது. எம் உம்மாவின் தாயார் அரபுத்தமிழில் எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று வீட்டுப் பெட்டியில் இருந்தது. நம் பெண்மக்களிற் பலர் பள்ளிக்கூட வாசலை மிதியாமலே அரபெழுத்தில் தமிழை வாசித்தும் எழுதியும் வந்த காலத்தவர் அவர். பிள்ளைகள் பிறந்த ஹிஜ்ரி தேதிகள், பிரசவ மருந்து, அண்டை வீட்டாருக்குக் கொடுத்த கைமாற்று, எல்லாம் அதில் உண்டு. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. குடும்பத்தில் அதைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர் நாம் ஒருவரே.

பத்து நாளில் முழுவதையும் அழகிய நஸ்கில் பிரதி செய்து உம்மாவின் கையில் வைத்தோம். உம்மா பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு வாப்பா. ஆனா இது எங்க உம்மா எழுத்து இல்லையே” என்றார்கள்.

அவர்கள் விரல் நின்ற பக்கம் எமக்குத் தெரியும். உம்மாவுக்கு முன் பிறந்து மூன்றாம் வயதில் மௌத்தான பிள்ளையைப் பற்றிய நான்கு வரி அது. மூலத்தில் அவ்விடத்தில் எழுத்து பெரிதாகிறது, வரி கீழ்நோக்கிச் சரிகிறது, ஓரிடத்தில் பேனா நின்று மை ஊறியிருக்கிறது. எமது பிரதியிலோ மருந்துக் குறிப்பும் அந்த நான்கு வரியும் ஒரே புள்ளியளவில் ஒழுங்காக நின்றன.

ஹஜ்ரத்திடம் சென்று கேட்டோம். “தம்பி, வாசகம் ஓர் அமானத்து, அதை ஒப்படைத்துவிட்டீர். கையெழுத்தும் அமானத்தா என்பதை உம் உம்மாதான் சொல்ல வேண்டும்” என்றார்.

மீண்டும் உட்கார்ந்தோம். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தமையால் மேலே மெல்லிய தாளை வைத்துப் படியெடுக்க இயலாது. பாட்டியார் எழுதியது நாணலால் அன்று, எஃகு முள் பேனாவால். கொழுப்பும் மெலிவும் அற்ற ஒரே சீரான கோடு. ஆகவே நாணலை ஒதுக்கி முள் பேனாவும் கடையில் விற்ற நீலமையும் வாங்கினோம். அவர் இரு புள்ளிகளை ஒரு சிறு கோடாக இழுத்துவிடுவார். காஃபின் மேற்கோட்டைச் சொல் முடிந்தபின்னரே இடுவார். பேனாவை எங்கே எடுத்தார், எங்கே வைத்தார் என்பதை வரிவரியாகப் பார்த்துக் கையைப் பழக்கினோம். பயின்ற ஒழுங்கையெல்லாம் கையிலிருந்து இறக்கி வைப்பது, அதை ஏற்றியதைவிடக் கடினமாயிருந்தது. அந்த நான்கு வரிக்கு மட்டும் மூன்று இரவுகள் சென்றன.

இரண்டாம் பிரதியை உம்மா தம் பெட்டியில் மூலத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். எம் பெண்மக்கள் அரபுத்தமிழ் பழகியது முதற்பிரதியிலேதான். விளக்குக்கரி மையால் எழுதிய அது இன்றும் கருகருவென்றிருக்கிறது. நீலமையால் எழுதியதோ ஓரங்களில் வெளிறத் தொடங்கிவிட்டது. வரும் விடுமுறையில் அதை மறுபடியும் எழுத உட்கார வேண்டும். அதே முள் பேனாதான், மை மட்டும் ஹஜ்ரத்தின் மை.