பக்கவாதத்துக்குப் பின் தோளைக் காப்பது

பக்கவாதம் வந்த தொடக்க நாட்களில் பாதித்த கை பெரும்பாலும் தளர்ந்து தொங்கும். தோள் மூட்டைப் பிடித்து வைப்பதில் சுற்றியுள்ள தசைகளுக்கே பெரும்பங்கு. அவை வலுவிழந்தால் கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கிவிடும்.

படுக்கையில் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். பாதித்த பக்கம் சாய்ந்து படுக்கும்போது தோள் உடலுக்கு அடியில் சிக்காமல் முன்னே வந்திருக்க வேண்டும். முழங்கை நீண்டு, உள்ளங்கை மேல்நோக்கி இருக்க வேண்டும். உட்காரும்போது இரு பாதங்களும் தரையில் படிய, கையைத் தலையணை தாங்க வேண்டும்.

எழுந்து நிற்கும் பயிற்சியில் பாதங்களைச் சற்றுப் பின்னிழுத்து, உடலை முன்சாய்த்து, இரு கால்களிலும் சமமாக எடை ஊன்ற வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளை இழந்த அசைவை மீண்டும் கற்கிறது.

நோயாளியைத் தூக்கப் பாதித்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். பயிற்சிகளை இயன்முறை சிகிச்சையாளரிடம் கேட்டறிந்து, தினமும் செய்ய உதவுங்கள்.