படத்தில் விடுபட்ட ஒரு சொல்

அரியலூரைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கல்லை உடைத்தால் உள்ளே கடற்சிப்பி கிடைப்பதுண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இம்மண் கடலுக்கடியில் இருந்தது என்பதற்கு அச்சிப்பியே சாட்சி. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் ஒன்று கிடக்கிறது; அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்பர். சொற்களும் இத்தகையவையே என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஒரு சொல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே வேர் இருக்கும். அது பிறந்த இடத்தை அவ்வேர் சொல்லும்.

இதனை மீண்டும் எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு திரைப்படம் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். படம் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. பொறியியல் பயிலும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். "மாமு, இந்தப் படத்தில் எத்தனையோ அரபுச் சொற்கள் வருகின்றன. நீங்கள் சொன்னால்தான் எனக்கு விளங்கும்" என்று கணினியை என்முன் வைத்துவிட்டான். மறுக்க இயலவில்லை.

'டியூன்' என்பது அதன் பெயர். அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் நூலாக வெளியிட்ட விஞ்ஞானப் புதினம் அது. 1985 வரை அவ்வரிசையில் ஆறு நூல்களை அவர் எழுதினார். நீரே அரிதான ஒரு பாலைவனக் கோளம். அதில் வாழும் மக்கள். அவர்களிடையே வந்து, மீட்பன் என்று நம்பப்படும் ஓர் இளைஞன். இதுவே கதையின் தொடக்கம். 1970-களில் இதனைப் படமாக்க எடுத்த முயற்சி ஒன்று பாதியில் நின்றது. 1984-இல் ஒரே படமாகச் சுருக்கி எடுத்தது பலருக்கும் நிறைவளிக்கவில்லை. பின்னர் கனடா நாட்டு இயக்குநர் டெனி வில்னேவ், முதல் நூலை மட்டும் இரண்டாகப் பகுத்து 2021-இலும் 2024-இலும் இரு படங்களாக்கினார்.

பெருநூலைப் படமாக்கும்போது கதை குறைவது இயல்பே. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம் கொண்டது. 1958-இல் எம்.ஜி.ஆர். அதன் உரிமையைப் பெற்றும் படம் உருவாகவில்லை. 2022-இலும் 2023-இலும்தான் அது இரு படங்களாக வந்தது. கதையில் முடிசூடும் சேந்தன் அமுதன் படத்தில் முடிசூடவில்லை. கதைநாயகனின் மைந்தன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் அரியலூர் மாவட்டத்திலேயே இருப்பதால், இம்மாற்றம் குறித்து இங்கே தேநீர்க் கடைகளிலும் வாதம் நடந்தது. ஆயினும் கதையின் கிளையை வெட்டுவது வேறு. சொல்லின் வேரை வெட்டுவது வேறு.

மருமகன் கேட்கக் கேட்க நான் சொல்லி வந்தேன். அவ்விளைஞனுக்கு அம்மக்கள் இடும் பெயர்களில் ஒன்று 'உஸூல்'. தூணின் அடித்தளம் என்று கதை பொருள் கூறுகிறது. அடிப்படைகள் என்பதே அரபுப் பொருள். நாங்கள் ஓதிக்கொடுக்கும் 'உஸூலுல் ஃபிக்ஹ்' கலையின் பெயரிலும் உள்ள சொல். 'முஅத்திப்' என்பது கதையில் பாலைவன எலியின் பெயர். அரபியிலோ அதபு கற்பிக்கும் ஆசிரியருக்கு அப்பெயர். "அப்படியானால் நீங்களும் அந்த எலிதான், மாமு" என்று சிரித்தான். 'லிஸானுல் ஃகைப்' என்பதற்குப் புற உலகின் குரல் என்று பொருள் தந்திருந்தார்கள். மறைவானதன் நாவு என்பதே நேர்ப்பொருள். பாரசீகக் கவி ஹாஃபிஸுக்கு வழங்கிய சிறப்புப் பெயர் அது.

பின்னர் அவன் சொன்ன செய்திதான் என்னை உறங்கவிடவில்லை. நாவலில் பலமுறை வரும் 'ஜிஹாத்' என்னும் சொல்லைப் படத்தில் எடுத்துவிட்டார்களாம். 'புனிதப் போர்' என்று மாற்றிவிட்டார்களாம். "நல்லதுதானே மாமு? விடுதியில் அந்தச் சொல் வந்தால் நான் பேச்சையே மாற்றிவிடுவேன்" என்றான்.

நாவலாசிரியரும் அச்சொல்லுக்கு நீதி செய்தார் என்று நான் கூறமாட்டேன். நாயகனின் பெயரால் நடந்த போரில் 6,100 கோடி உயிர்கள் மாண்டதாக அடுத்த நூலில் எழுதி, அதற்கே அப்பெயரை வைத்தார். மீட்பன் என்று ஒருவனைக் கண்மூடி நம்புவதன் கேட்டைக் காட்டுவதே அவர் நோக்கம், நோக்கம் நன்றே. ஆனால் சொல்லின் ஒரு பாதியை, அதுவும் திரிந்த பாதியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். படமெடுத்தவர்களோ முழுதும் கைவிட்டார்கள். ஜோர்தானின் வாதி ரம் வரை, அபூதாபி மணற்குன்றுகள் வரை சென்று அரபு மணலைப் படம்பிடித்தவர்களுக்கு அந்த அரபுச் சொல் மட்டும் ஆகாததாயிற்று.

இதற்கு நேர்மாறான பணியை நம் உமறுப்புலவர் செய்தார். சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கையில் ஆறு பாய்வித்தார், வயல் விளைவித்தார். மணலைத் தமிழ் மருதமாக்கிய அப்புலவர் சொல்லைக் கைவிட்டாரா? இல்லை. மூன்று காண்டங்களுக்கும் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்றே பெயர் வைத்தார். நிலத்தை மாற்றினார், வேரைக் காத்தார். பெயர்த்தெழுதுவோனிடம் சொல் ஓர் அமானிதம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆயினும் படமெடுத்தவர்களை மட்டும் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. ஜும்ஆ பயானில் அச்சொல் வரவேண்டிய இடத்தில் 'முயற்சி' என்று சொல்லி நானும் எத்தனையோ முறை நகர்ந்திருக்கிறேன். பொருள் பிழையன்று, அச்சம்தான் பிழை. நாம் வாய்திறவாத சொல்லை நம் பிள்ளைகள் செய்தித்தாளில் பழிச்சொல்லாக மட்டுமே கற்கிறார்கள். பின்பு விடுதியில் தலைகுனிகிறார்கள்.

இஷாவுக்குப் பின் மருமகனை அருகமர்த்தி ஜீம், ஹா, தால் என்னும் மூன்றெழுத்துக்களை எழுதிக் காட்டினேன். பாடுபடல் என்பது அவ்வேரின் பொருள். இமாம்கள் அபூஹனீஃபாவும் ஷாஃபிஈயும் சட்ட ஆய்வில் செய்த 'இஜ்திஹாத்' அதே வேரில் பிறந்தது. தற்காப்புப் போரும் அச்சொல்லில் அடங்கும்; மன இச்சையோடு மனிதன் நடத்தும் போராட்டமும் அடங்கும். நிரபராதியைக் கொல்வது அதில் அடங்காது.

"இதை இனி விடுதியில் சொல்வாயா?" என்று கேட்டேன். சற்று யோசித்தான். "முயற்சி செய்கிறேன், மாமு" என்றான். அச்சொல்லின் பொருளையே அவன் சொல்லிவிட்டதை அவன் அறியவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை மிம்பரில் நானும் அம்முயற்சியைச் செய்யவேண்டும். அல்லாஹ் அதற்கு அருள்வானாக.