திண்ணைக்குக் கீழே இருந்த தண்ணீர்

மீஞ்சூரில் எங்கள் அப்பா வீட்டு வாசலைத் தம்பி புதுப்பித்துவிட்டான். திண்ணை இருந்த இடத்தில் இப்போது போர்ட்டிகோ. தரைக்கு வழுக்காத டைல்ஸ், சுவருக்கு இடுப்பு உயரம்வரை கல் மாதிரித் தெரிகிற இன்னொரு டைல்ஸ், படிக்கு ஸ்டீல் கைப்பிடி. பூச்செடிகள் இருந்த துண்டு நிலத்தில் பேவர் பிளாக் பதித்தாகிவிட்டது. படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் கைதட்டல் பொம்மை போட்டார்கள், நானும் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. கூட்டவும் துடைக்கவும் சுலபம், வண்டி நிறுத்த நிழல், மழைக்குச் சேறு கிடையாது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத வாசல். ஆனாலும் அந்தப் படத்தை நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்தேன், எதையோ தேடுகிறவள் மாதிரி.

வாசல் எடுப்பாக இருக்க வேண்டும் என்கிற ஆசை எங்கள் வீட்டில் தம்பியோடு தொடங்கியதில்லை. முன்பு அது வருஷா வருஷம் நடந்த வேலை. மார்கழி பாதி தாண்டியதும் ஆயா கற்சுண்ணாம்பு வாங்கிவரச் சொல்லுவாள். தகர டிரம்மில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலே கொதிக்கும். பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது, தெறித்தால் கண் போய்விடும். ஊறி ஆறியதும் பழைய வேட்டியில் வடிகட்டி, பசை சேர்த்து, கடைசியில் துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலப்பார்கள். நீலம் ஒரு சொட்டு கூடினாலும் ஆயா கண்டுபிடித்துவிடுவாள்.

மட்டையால் முதல் பூச்சு அடிக்கும்போது சுவர் வெளுக்காது. ஈரத்தில் பழைய கறையெல்லாம் இன்னும் பளிச்சென்று தெரியும். “இன்னா மேஸ்திரி, வெறும் தண்ணியையா அடிக்கிறே?” என்று ஆயா கேட்பாள். “காயட்டும் ஆயா, அப்பால சொல்லு” என்பார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். மத்தியானச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால் அதே சுவர் கண்ணைக் கூசும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு திரும்பவும் கல்லாகிறது என்று பிறகு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தை மட்டும் நான் மனப்பாடம் செய்யவே இல்லை. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் காவிப் பட்டை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. போகிக்கு வீடு தயார்.

வாசலின் இரண்டு பக்கமும் திண்ணை. பெரியது ஆள் நீட்டிப் படுக்க, சின்னது உட்கார. மேலே பனங்கை போட்டு, சீமை ஓடு வேய்ந்த சாய்ப்பு. திண்ணையின் மேல்பக்கம் சிவப்பு ஆக்சைடு போட்டு இழைத்தது. சித்திரை வெயிலிலும் அதில் கன்னத்தை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அம்மா அதைத் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்க நிறம் ஏறும். எங்கள் தலைமுறை தேய்த்ததைவிட அதில் உட்கார்ந்து எழுந்த ஊரார் தேய்த்தது அதிகம் என்று அப்பா சொல்லுவார்.

ஊரார் என்றால் எல்லாரும்தான். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து மடவையும் இறாலும் கொண்டுவரும் ஆயா ஒருத்தி கூடையைக் கீழே இறக்கிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். கூடையை மட்டும் ஒருநாளும் திண்ணைமேல் வைத்ததில்லை, அது அவளாக வைத்துக்கொண்ட சட்டம். கும்மிடிப்பூண்டி வண்டியை விட்டவர்கள் அடுத்த வண்டி வரும்வரை இங்கே உட்காருவார்கள். ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் ஒரே ஊரில் கோயில்கொண்டிருப்பதால் மீஞ்சூரை வடகாஞ்சி என்பது வழக்கம். உற்சவ நாளில் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் இரவு சாமி பார்த்துவிட்டு எங்கள் திண்ணையிலேயே துண்டை விரித்துப் படுப்பார்கள். யாரும் அனுமதி கேட்டதில்லை. விடிந்து கதவைத் திறந்தால், யார் என்று தெரியாத ஒருவருக்கு அம்மா காபி கொடுத்துக்கொண்டிருப்பாள்.

திண்ணைக்கு முன்னால் தோட்டம் என்று சொன்னால் பெரிய பேச்சு. தெருவுக்கும் படிக்கும் நடுவில் ஒரு துண்டு மண். ஒரு ஓரம் நந்தியாவட்டை, இன்னொரு ஓரம் அடுக்குச் செம்பருத்தி, நடுவில் பாத்தி பிடித்துக் கனகாம்பரம், பந்தல் போட்டு ஒரு மல்லிக்கொடி, மருதாணி வேலி. எதுவும் காசு கொடுத்து வாங்கியதில்லை. யார் வீட்டிலிருந்தோ ஒரு குச்சி, யாரோ கொடுத்த விதை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாவும் நானும் பக்கவாட்டிலிருந்த உறைக்கிணற்றில் வாளி போட்டு இறைத்து ஊற்றுவோம். மீஞ்சூர் மண் மணல் கலந்தது. குடத்தைக் கவிழ்த்த மறுநொடி தண்ணீர் உள்ளே போய்விடும், மண் மட்டும் கறுத்து நிற்கும். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம், அதில்தான் பருப்பு வெந்தது, சுண்ணாம்பு ஊறியதும் அதில்தான்.

படத்தில் நான் தேடியது இதைத்தான் என்று பிறகு புரிந்தது. திண்ணையையும் செடியையும் தாங்கிக்கொண்டிருந்தது கீழே கிடந்த நல்ல தண்ணீர். முதலில் போனது அதுதான். மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே ஒவ்வொன்றாகப் போனது.

1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைகளை ஆராய்ந்தார்கள். பழைய ஆற்று மணலுக்குள் ஏராளமான தண்ணீர் இருப்பது தெரிந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் வரிசையாக ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். மணலியில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் தண்ணீர் போனது. ஊரில் நெல் வைத்தவர்களும் பம்புசெட்டை நிறுத்தவில்லை. யாரோ ஒருவர்மேல் பழி போடுகிற விஷயம் இல்லை இது. எல்லாரும் ஒரே பானையில் கை விட்டோம்.

கடற்கரையை ஒட்டிய மண்ணில் நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீர் கனமானது. அதனால் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், தன் பாரத்தால் உப்பைக் கீழேயும் கடல் பக்கமாகவும் தள்ளிவைத்திருக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிவரை உப்பு ஏறாது என்பது கணக்கு. மேலே ஓர் அடியை உறிஞ்சிவிட்டால் கீழே உப்பு எவ்வளவு எழும்பும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 1960களின் கடைசியில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் தென்பட்ட உப்பு, பிறகு பத்துக் கிலோமீட்டரைத் தாண்டி உள்ளே வந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987இல் சட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே எங்கள் கிணற்றில் பருப்பு வேக மறுத்துவிட்டது.

உப்பு வந்ததை முதலில் சொன்னது கனகாம்பரம். இலையின் ஓரம் மட்டும் நெருப்பில் காட்டியது போலக் கருகும், நடு இலை பச்சையாகவே இருக்கும். அம்மா எருப் போட்டுப் பார்த்தாள், சாம்பல் தூவிப் பார்த்தாள். அப்புறம் மல்லியில் மொட்டு சிறுத்தது. செம்பருத்தி ஒரு கோடையில் இலையைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தளிர்க்கவில்லை. அரளியும் நித்தியகல்யாணியும் தாக்குப்பிடித்தன. தெருப் பக்கம் நின்ற வேம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலையில் வைக்க ஆகாத செடிகளே மிச்சம் நின்றன.

அடுத்தது சுவர். திண்ணை ஓரம் ஒருமுறை பெயர்ந்தபோது சிமென்ட்டில் பூசினார்கள். குழைத்தது கிணற்றுத் தண்ணீரில். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை அடைத்துவைக்கும். ஒரே மழைக்காலத்தில் பூச்சின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பொருக்கு விட்டு, விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. ஆயா கடைசியாக வெள்ளையடிக்கச் சொன்ன வருஷம் மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குமேல நிக்காது ஆயா” என்றார். அவருடைய மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்விட்டான். மட்டையைப் பிடிக்க அந்த வீட்டிலும் ஆள் இல்லை.

1994இல் அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. பிறகு வல்லூரில் இன்னொரு அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் போயின. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் பலருக்கு வேலை கிடைத்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காலையில் துடைத்த திண்ணையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம் என்கிற அளவுக்குத் தூசு. முகம் தெரியாத ஆட்கள் பெருகியதும் திண்ணையில் படுக்கிறவர்களைப் பற்றிப் பயம் வந்தது. முதலில் மூங்கில் தட்டி, அப்புறம் கம்பி கிரில். கிரில் போட்ட அன்றே அது திண்ணை இல்லாமல் போய்விட்டது. தம்பி பிறகு இடித்தது வெறும் மேடையை.

அவன் பெண்சாதி என்னிடம் சொன்ன நியாயத்தை நான் மறுக்கவில்லை. “அண்ணி, நீங்க பொங்கலுக்கு வந்து பார்த்துட்டுப் போறீங்க. தினம் ரெண்டு வேளை தூசு துடைக்கிறது நானு” என்றாள். உண்மைதான். அந்தச் சிவப்புத் திண்ணையின் பளபளப்பில் என் அம்மாவின் முழங்கை வலி இருந்தது. அதைப் பற்றி அப்போது யாரும் கேட்டதில்லை. ஏக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் துடைக்காதவர்கள்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது மாதவரம். இங்கே எங்களுக்கு அடுக்கு மாடி, மூன்றடி பால்கனி. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைத் திறந்தார்கள். மீஞ்சூர் நிலையம் என்றுதான் அதற்குப் பெயர், ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் என்பது அதன் திறன். அந்தத் தண்ணீர் வருகிற வடசென்னைப் பகுதிகளில் மாதவரமும் ஒன்று. என் பால்கனித் தொட்டியில் கனகாம்பரம் இலை கருகாமல் பூக்கிறது. எங்கள் கிணற்றுக்குள் ஏறிய அதே கடலை, மின்சாரம் செலவழித்து, சவ்வு வழியாகப் பிழிந்து, உப்பு நீக்கி, குழாய் போட்டு எனக்கு அனுப்புகிறார்கள். ஊரில் தம்பி குடிக்க கேன் தண்ணீர் வாங்குகிறான். புகுந்த வீட்டுக்குப் பிறந்த ஊர்த் தண்ணீர் வருகிறது என்று சந்தோஷப்படவும் முடியவில்லை, கசந்துகொள்ளவும் முடியவில்லை.

வாசல் வேலை இன்னும் முடியவில்லை என்று போன வாரம் தம்பி போனில் சொன்னான். மிச்சம் இருப்பது அந்த உறைக்கிணறு. மூடிவிட்டால் இரண்டாவது வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். மண் அடிக்க ஆள் பேசியாகிவிட்டதாம். இந்த ஒன்றுக்கு மட்டும் நான் வாயைத் திறந்தேன். திண்ணை போகட்டும், டைல்ஸ் இருக்கட்டும், கிணற்றை மூடாதேடா என்றேன்.

காரணமும் சொன்னேன். மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று 2003இலேயே தமிழ்நாட்டில் ஆணை வந்தது. அவன் மொட்டைமாடித் தண்ணீர் இப்போது ஒரு குழாய் வழியாக நேராகத் தெருவுக்குத்தான் ஓடுகிறது. அதைத் திருப்பிக் கிணற்றில் விட்டால், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த மணல் மண் குடித்துவைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் மேலேயே மிதக்கும் என்பதால், மழைக்குப் பிறகு சில மாதமாவது மேல்தண்ணீர் உப்புக் குறைந்து கிடைக்கும். மோட்டார் வைத்து இழுத்தால் அடியிலிருக்கும் உப்பும் கூடவே ஏறி வந்துவிடும். வாளியால் மேலாக மொண்டால் வராது. அம்மா காலத்தில் நாங்கள் இறைத்தது அப்படித்தான், அளவு தெரிந்து இல்லை, கைவலிக்கு மேல் இறைக்க முடியாததால்.

“அதுல வர்ற தண்ணி ரெண்டு தொட்டிச் செடிக்குத்தான் காணும் யக்கா” என்றான்.

இரண்டு தொட்டி போதும் என்றேன். ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் மல்லி. பேவர் பிளாக்கில் நாலு கல்லை எடுத்தால் இடம் தாராளம். பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு என்று 1989இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது, நான் வீட்டில் பங்கு கேட்கவில்லை, கிணற்றில்தான் கேட்கிறேன் என்றும் சொன்னேன். சிரித்தான், பதில் சொல்லவில்லை. பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு எப்படியும் மாதவரம் வருவான். கிணற்றுக்குப் பதில் சொல்லாமல் அந்தத் தட்டை வாங்குவதாக இல்லை.