மலை மறித்த மழையும் கணவாய் விடுத்த காற்றும்

இந்தியத் தீபகற்பம் தெற்கு நோக்கிக் குறுகிக் கூம்பி முடியுமிடத்தில், மலைக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒரு துண்டு நிலம் எங்களுடையது. வள்ளியூரில் நின்று மேற்கே நோக்கினால் மகேந்திரகிரி தெரியும். உயரம் ஏறத்தாழ 1,650 மீட்டர். அதன் அடிவாரத்துப் பணகுடியிலிருந்து தென்கிழக்கே கடலைத் தொட முப்பது கிலோமீட்டர்கூட ஆகாது. தபதி ஆற்றின் தென்கரையில் புறப்பட்டு 1,600 கிலோமீட்டர் தொடர்ந்து வரும் மேற்குத் தொடர்ச்சி மலை, எங்களூரைக் கடந்த சிறிது தொலைவிலேயே தன் ஓட்டத்தை முடித்துக்கொள்கிறது. மலை, காடு, வயல், தேரி, கடல் என நிலம் ஐந்து முறை உடைமாற்றுவதை இங்கே ஒருவர் ஒரே பகலில் சைக்கிளிலேயே கண்டுவிடலாம்.

சைக்கிள் என்று நான் எழுதுவது அழகுக்காக அன்று. என் வாப்பா சைக்கிளில் ஜவுளி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆயினும் இந்நிலத்தின் அமைப்பை அவரளவு அறிந்தவரை நான் பின்னர்ப் பல்கலைக்கழகங்களிலும் அதிகம் சந்தித்ததில்லை. ஆனி, ஆடி மாதங்களில் இராதாபுரம், திசையன்விளை பக்கம் போகும்போது காற்றே அவரைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது இறங்கி உருட்டிக்கொண்டு வருவார். "போகும்போது மூட்டை கனம், வரும்போது காத்து கனம்" என்பார் உம்மாவிடம்.

அந்தக் காற்றின் பிறப்பிடம் ஆரல்வாய்மொழிக் கணவாய். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மலை மறிக்கிறது. மறிக்கப்பட்ட காற்று மேலெழுந்து குளிர்ந்து தன் நீரையெல்லாம் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறைப் பக்கம் பசுமை. மலைக்கு இப்பால் மழை மறைவு. மலையில் இடைவெளி கிடைத்த இடத்தில் மட்டும் காற்று நெருங்கிப் புகுந்து விரைவு கூடி வெளிவருகிறது. முப்பந்தலில் தொடங்கி எங்கள் ஊர்ப்புறம் வரை நிற்கும் காற்றாலைகள் அந்த நெருக்கத்தின் பயனே. இத்தகைய காற்றின் பருவமறிந்து கலம் செலுத்திய அரபு மாலுமிகளின் 'மவ்சிம்' என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் 'மான்சூன்' ஆயிற்று என்பதை மாணவர்க்குச் சொல்லும்போது வகுப்பு சற்று நிமிர்ந்து உட்காரும்.

தாமிரபரணி எங்ஙனம் வற்றாத ஆறாயிற்று என்பதற்கும் விடை இம்மலையமைப்பிலேயே உள்ளது. பொதிகையின் உச்சிப்பகுதி உயர்ந்து அகன்றது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் அது ஏந்துகிறது. ஆகவே பாபநாசத்தில் இறங்கும் ஆற்றுக்கு ஆண்டில் இருமுறை ஊட்டம் கிடைக்கிறது. எங்கள் நம்பியாறோ திருக்குறுங்குடி மலைகளின் கிழக்குச் சரிவில் பிறந்து, ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பி வாழ்வது. என் உம்மா பிறந்த ஏர்வாடி அதன் கரையில்தான் இருக்கிறது. இரு ஆறுகளும் ஒரே மலைத்தொடரின் பிள்ளைகள்; ஆயினும் ஒன்று நெல்லைக்கு முப்போகக் கனவைத் தந்தது, மற்றொன்று எங்களுக்கு மணலைக் காட்டியது.

வாப்பாவின் கடன் நோட்டில் இந்த வேற்றுமை அப்படியே இருந்தது. மேற்கூர்கள் முன்பக்கத்திலிருந்தும், கீழூர்கள் பின்பக்கத்திலிருந்தும் எழுதப்பட்டிருக்கும். மலையடிவாரத்தில் நெல் அறுப்பு முடிந்ததும் பணம் வரும்; கிழக்கே பனையேறும் காலம் வந்து கருப்பட்டி விற்றால்தான் வரும். மழை பொய்த்த ஓராண்டு அவர் கீழூர்ப் பக்கங்களைத் திறக்கவே இல்லை. உம்மா கேட்டதற்கு, "கெணத்துல தண்ணி இல்லாத வீட்டு வாசல்ல போய் நின்னு என்னத்தக் கேக்குறது?" என்றார். அந்த ஆண்டுதான் எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வளைகுடாவுக்குப் புறப்பட்டார். எங்கள் பகுதி மக்கள் பொருளாசையால் கடல் கடந்தனர் என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. மலையின் எந்தச் சரிவில் பிறந்தோம் என்பதும் அப்பயணச்சீட்டில் எழுதப்பட்டிருந்தது என்பது என் கருத்து.

இயற்கை வகுத்த இந்தக் கோட்டை மனிதர் அங்கங்கே திருத்தியும் இருக்கின்றனர். 1906-இல் திருவிதாங்கூர் அரசு கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை உள்ளிட்ட கோதையாற்றுப் பாசன அமைப்பிலிருந்து இராதாபுரம் கால்வாய் வழியாக 17,000 ஏக்கருக்குத் தண்ணீர் வர வழிசெய்யப்பட்டது. காற்று மட்டும் கடந்த வழியில் நீரையும் கடத்திய செயல் அது. ஆனால் கால்வாயின் கடைக்கோடியில் இருப்பவருக்கு ஏட்டிலுள்ள ஏக்கர் கணக்கு தாகம் தீர்ப்பதில்லை என்பதை எங்கள் பக்கத்து உழவர் எவரைக் கேட்டாலும் சொல்வர்.

இனித் தேரிக்கு வருவோம். கணவாய்க் காற்று நாங்குநேரிக்குத் தெற்கேயுள்ள வெளிகளின் செம்மண்ணை வாரிச் சென்று கடலோரம் குவித்ததே தேரி என்பது பழைய விளக்கம்; இரும்புத்துரு படிந்த மணலே அச்செம்மைக்குக் காரணம். திணை பற்றிய தேர்வில் மாணவர் சிலர் 'பாலைக்குச் சான்று தேரி' என்று எழுதுவர். தொல்காப்பியம் பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வளங்குன்றிய நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அந்த அளவில் விடை பொருந்தாது. மேலும் தேரி வறண்ட நிலம் அன்று. நீரை ஒளித்து வைத்திருக்கும் நிலம். 2021-ஆம் ஆண்டு மழையின்போது திசையன்விளை அருகே ஆயன்குளத்துக் கிணறு ஒன்று, வாரக்கணக்கில் வெள்ளத்தை உள்வாங்கியும் நிரம்பாமல் நின்றது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர் வந்து பார்த்து, அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையின் குடைவுகளில் நீர் பரவிச் செல்வதைக் கூறினர். மேலே பனை, கீழே பாதாள ஓடை! இதை எந்தத் திணையில் அடக்குவது? இப்போதெல்லாம் அவ்விடைக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன்.

மலை மண்ணைக் கொண்டுவரும் ஆறு கடற்கரையையும் நகர்த்தும். பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே கிடக்கிறது. அதன்பின் எழுந்த காயலில், ஏடனிலிருந்தும் ஹோர்முசிலிருந்தும் குதிரைகளோடு கலங்கள் வந்ததை மார்க்கோ போலோ குறித்தார். அதுவும் தூர்ந்தது. தாமிரபரணி சுமந்து வந்த வண்டலே இரண்டு துறைமுகங்களையும் மூடியது. வணிகம் போன பின்னும் ஊர்ப்பெயர்கள் மட்டும் அங்கேயே இருந்துகொண்டன.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் இந்த மண்ணே வேறு முகம் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைமீறி நெல்லையிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிக் கடலுக்கு ஓடும் உபரிநீரை வறண்ட பகுதிக்குத் திருப்பவே தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009-இல் தொடங்கப்பட்டது. சுமார் 75 கிலோமீட்டர்க் கால்வாய். 2025 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. இருமழை பெற்ற ஆறு, ஒருமழைக்கு ஏங்கிய ஆற்றுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு. வாப்பா இருந்திருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எம்.எல். தேரி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

எம் துறை மாணவர் சென்ற பருவத்திலிருந்து இந்நிலப்பரப்பின் மழைக்கும் காற்றுக்கும் மண்ணுக்கும் வழங்கும் சொற்களைத் தொகுத்து வருகின்றனர். சாரல், கச்சான், கொண்டல், வாடை எனப் பட்டியல் நீள்கிறது. ஒரே காற்றுக்கு மலையடிவாரத்தார் ஒரு பெயரும் கடலோரத்தார் வேறொரு பெயரும் சொல்கின்றனர். எச்சொல் எவ்வூரில் எம்மாதத்தில் வழங்குகிறது என்பதையும் உடன் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். பனையேறும் பெரியவர்களிடமும் கட்டுமரம் செலுத்திய மூத்தவர்களிடமும் இன்னும் பல இருக்கும். இம்மலரைக் காணும் ஊர்ப் பெருமக்கள் தத்தம் வீட்டு முதியோரைக் கேட்டு, அச்சொற்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதித் துறைக்கு அனுப்பி உதவ வேண்டுகிறேன்.